கடுக்காய்க்கு வந்த மவுசு

பெங்களூர் ரயிலில் போகிறவர்களுக்கு ஆம்பூர் வந்துவிட்டது என்று யாரும் சொல்ல வேண்டியிராத காலம் ஒன்று இருந்தது. பாதிப் பேர் தோல் வாடைக்காக ஜன்னலை இறக்குவார்கள், மீதிப் பேர் பிரியாணிக்காக ஏற்றுவார்கள். அந்த வாடையிலேயே பிறந்து வளர்ந்த எங்கள் மூக்குக்கு அது எட்டியதே இல்லை. வெளியூரிலிருந்து பெண் எடுத்த வீடுகளில் மட்டும் முதல் ஆறு மாதம் சாம்பிராணிச் செலவு கொஞ்சம் கூடும் என்பது வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டைக்காரர்களுக்கும் தெரிந்த சங்கதிதான். ஊர் அப்படி நாறியதாலோ என்னவோ, வீட்டைத் துப்புரவாக வைத்துக்கொள்வதில் எங்கள் ஆயாக்களுக்கு ஒரு வெறியே இருந்தது.

விடியுமுன் சாணம் கரைத்து வாசல் தெளித்தாக வேண்டும். வெள்ளிக்கிழமைதோறும் மண் தரையை மெழுகியாக வேண்டும். அரிசிப் பானைக்குக் காய்ந்த வேப்பிலை, கொசுவுக்கு நொச்சிப் புகை, தலைக்குச் சீயக்காய், பட்டுச் சேலைக்குப் பூந்திக்கொட்டை, மூட்டைப்பூச்சிக்குக் கட்டிலோடு சேர்த்து வெயிலும் வெந்நீரும் என்று எல்லாவற்றுக்கும் ஆயாவிடம் ஒரு கணக்கு இருந்தது. கிணற்றடியில் ஒரு கொட்டாங்குச்சியில் சலித்த சாம்பலும் இன்னொன்றில் பழம்புளியும் வைத்துக்கொண்டு ஆயா குந்தியிருப்பார். பித்தளைக் குடத்தின் கழுத்து மடிப்பில் கட்டைவிரலைக் கொடுத்துப் புளியை அழுத்தி ஓட்டினால் கறுப்பு கரைந்து வழியும், உலோகம் வெட்கப்பட்டதுபோல் ஒரு கணம் செம்பாய்ச் சிவக்கும், அதன்மேல் சாம்பல் பட்டுத் தேய்ந்த பிறகுதான் மஞ்சளாய்ப் பளிச்சிடும். அந்தச் சிவப்பைப் பார்ப்பதற்காகவே பள்ளிக்கூடத்துக்குத் தாமதமாய்ப் போன பிள்ளைகளில் நானும் ஒருவன். நீங்களும் அப்படி எதையாவது பார்த்துக்கொண்டு நின்றிருப்பீர்கள்.

போகிக்கு முன்னால் சுண்ணாம்பு. சுட்ட கல்லைத் தொட்டியில் போட்டுத் தண்ணீர் ஊற்றினால் அடுப்பே இல்லாமல் அது தளதளவென்று கொதிக்கும். அதை வடிகட்டி, துளி நீலம் கலந்து, நார் மட்டையால் சுவரில் அடித்தால் பூச்சி பொட்டு அண்டாது. சுண்ணாம்பின் காரத்தில் கிருமிகள் பிழைப்பது கஷ்டம் என்று ரசாயன வாத்தியார் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஆயாவுக்கு யார் சொன்னார்களோ.

வேடிக்கை என்னவென்றால், அப்பா வேலை பார்த்த, தோல் பதனிடும் டேனரிக்கும் எங்கள் வீட்டுக்கும் சாமான் சீட்டு ஏறக்குறைய ஒன்றுதான். இங்கே சுவருக்குப் போன சுண்ணாம்பு அங்கே குழியில் கிடந்து தோலின் ரோமத்தை உதிர்த்தது; இங்கே ஊறுகாய்க்குப் போட்ட உப்பு அங்கே பச்சைத் தோலை அழுகாமல் காத்தது; குளிக்கும் பொடிக்கு ஆவாரம்பூ என்றால் தோலுக்கு ஆவாரம்பட்டை. கடுக்காயை ஆயா என் வயிற்றுக்குக் கொடுத்தார், அப்பா ஆட்டுத்தோலுக்குக் கொடுத்தார். இரண்டு இடத்திலும் அதன் துவர்ப்பு தன் வேலையை ஒழுங்காகப் பார்த்தது. பட்டைச் சாற்றில் தோல் வாரக்கணக்கில் ஊறும். யாரும் அவசரப்படவில்லை, அல்லது அவசரப்பட வழியில்லை.

அவசரம் என்னோடுதான் வந்து சேர்ந்தது. வேலூரில் கல்லூரியில் சேர்ந்து, போகும்போதும் வரும்போதும் சி.எம்.சி. ஆஸ்பத்திரி வாசலைக் கடந்த எனக்கு, சுத்தம் என்றாலே பினாயில் நெடிதான் என்று புத்தியில் பதிந்துவிட்டது. ஒரு பொங்கல் விடுமுறைக்கு ஒரு கையில் பினாயில் பாட்டிலும் மறு கையில் நீல நிறச் சோப்புத் தூளுமாக, நோபல் பரிசு வாங்கித் திரும்புகிற விஞ்ஞானியின் நடையில் வீட்டுக்குள் நுழைந்து, பெல்பாட்டம் கால்சட்டையின் விளிம்பு சாணத்தில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கண்ணுக்குத் தெரியாத கிருமிகளைப் பற்றி ஒரு சொற்பொழிவு ஆற்றினேன். ஆயா முழுவதையும் கேட்டுவிட்டு, “கிருமி செத்துச்சா இல்லியான்னு எவன்டா போய்ப் பார்த்தான்? எறும்பு வரலேன்னா ஊடு சுத்தம்” என்றார்.

இது நடந்த அதே எழுபதுகளில்தான், அரைகுறையாகப் பதனிட்ட தோலை அப்படியே ஏற்றுமதி செய்வதற்கு அரசு கடிவாளம் போட்டது. முழுதாக முடித்த தோலும் செருப்பும் போனால்தான் காசு என்று ஆனபோது டேனரிகளில் பட்டை பின்வாங்கி குரோமியம் முன்னுக்கு வந்தது. குழியில் வாரக்கணக்கில் ஊறியது டிரம்மில் ஒரே நாளில் முடிந்து, இளநீல நிறத்தில் வெளியே வந்து விழுந்தது. வீட்டுக்குள் சோப்புத் தூள் நீலம், டேனரியில் தோல் நீலம். முன்னேற்றத்தின் நிறம் நீலம் என்று நான் நம்பியதில் ஆச்சரியமில்லை.

பிறகு டேனரிக் கழிவு பாலாற்றில் இறங்கி, எங்கள் கிணறு உப்புக் கரித்தது. நாங்கள் கொண்டுவந்த சோப்பு நுரைக்க மறுத்து, வாளி விளிம்பில் வெள்ளையாய்த் திரிந்து ஒட்டிக்கொண்டது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் இதற்காக 1991-ல் உச்ச நீதிமன்றப் படியேறியது; 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பு வந்தது. குரோம் பதனிடலில் சுமார் 170 வகை ரசாயனங்கள், ஒரு கிலோ தோலுக்கு ஏறக்குறைய 35 லிட்டர் தண்ணீர், பாழ்பட்ட விளைநிலம் 35,000 ஹெக்டேருக்குப் பக்கம் என்று கணக்கெல்லாம் அதில் இருந்தது. அசுத்தம் செய்தவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கை இந்த நாட்டுச் சட்டமாக நிலைபெற்றது அந்த வழக்கில்தான்; இன்றைக்கும் சட்டக் கல்லூரி மாணவர்கள் எங்கள் பழைய மாவட்டத்தின் பெயரை மனப்பாடம் செய்துதான் தேர்வு எழுதுகிறார்கள். பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன, ரயில் ஜன்னல்கள் முன்போல் அவ்வளவு வேகமாக இறங்குவதில்லை. ஆனாலும் 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம் அதே பாலாற்றுக்காக மறுபடியும் உத்தரவு போட வேண்டியிருந்தது.

பழைய காலம் மட்டும் பரிசுத்தமா என்றால், அதுவும் இல்லை. உப்பும் சுண்ணாம்பும் இயற்கைதான், ஆனால் குழியைக் காலி செய்யும்போது அவையும் ஆற்றுக்குத்தான் போயின. நொச்சிப் புகையில் கொசுவோடு சேர்ந்து குழந்தைகளும் இருமினார்கள். இயற்கை முறை என்று இன்று நாம் கொண்டாடுவதில் முக்கால் பங்கு ஆயாவின் இடுப்பு. அந்த இடுப்பு வலிக்கு எந்தச் சூழலியலாளரும் தைலம் தேய்த்துவிட்டதில்லை.

இப்போது என் மருமகளின் ஆட்சி. சமையலறை மூலையில் பிளாஸ்டிக் டப்பாக்கள் வரிசையாக நிற்கின்றன: ஒரு பங்கு வெல்லம், மூன்று பங்கு எலுமிச்சை ஆரஞ்சுத் தோல், பத்துப் பங்கு தண்ணீர், மூன்று மாதம் புளிக்க வேண்டும். பதனிடுவதற்கு எங்கள் குடும்பம் கடைசியில் கண்டுபிடித்த தோல் இதுதான். “மாமா, மூடியைத் திறந்து காத்தை விட்டீங்களா? வெடிச்சிடப் போகுது” என்று காலையில் காபிக்கு முன்னால் விசாரணை நடக்கும், ஓய்வூதியக்காரனுக்கு அது ஒரு உத்தியோகம். பூந்திக்கொட்டைத் தண்ணீர் இப்போது பம்பு வைத்த பாட்டிலில் வருகிறது, வரட்டி கூரியரில் வருகிறது. அப்பா கைவிட்ட அந்தப் பட்டைத் தோலில் தைத்த பை ஒன்றை மகன் பெங்களூரில் வாங்கிவந்தான். ‘இயற்கை முறையில் பதனிட்டது’ என்ற அட்டை தொங்கியது, அதில் போட்டிருந்த விலைக்கு அப்பா ஒரு வருஷம் உழைத்திருப்பார்.

பூந்திக்கொட்டை விஷயத்தில் மருமகள் கட்சிதான் என் கட்சியும். சோப்பு திரிகிற எங்கள் கிணற்றுத் தண்ணீரில் அது திரிவதில்லை. ஆனால் வினிகரையும் சமையல் சோடாவையும் கலந்து தொட்டியில் ஊற்றி, அது பொங்குவதைப் பார்த்து அவள் பூரிக்கும்போது, புளிப்பும் காரமும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மிஞ்சுவது ஒரு மாதிரி உப்புத் தண்ணீர்தானே, அது நம் கிணற்றிலேயே இலவசமாகக் கிடைக்கிறதே என்று சொல்ல நாக்கு துறுதுறுக்கும். சொல்வதில்லை. கழிவறையில் ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒன்றாகக் கொட்டி, குளோரின் வாயுவைக் கிளப்பி, மூச்சுத் திணறி வெளியே ஓடிவந்த எங்கள் தலைமுறைக்கு இதில் பேச என்ன இருக்கிறது? பொங்குவது வெறும் காற்று. யாருக்கும் கண் எரியவில்லை.

பினாயிலோ, வெல்லத் தண்ணீரோ, எதை ஊற்றினாலும் அது தெருச் சாக்கடை வழியே போவது ஒரே ஆற்றுக்குத்தான் என்பதால், சுத்தத்தை எதைக் கொண்டு செய்வது என்பதைவிட யார் செய்வது என்பதுதான் முதலில் தீர வேண்டிய விவகாரம் என்று எனக்குத் தோன்றியது. உச்ச நீதிமன்றத் தீர்ப்பை எங்கள் வீட்டிலேயே அமல்படுத்திப் பார்ப்போமே என்று, பாலைக் கொட்டிய பேரன் கையில் துணியைக் கொடுத்து, அசுத்தம் செய்தவரே துடைக்க வேண்டும் என்று அறிவித்தேன். அவன் நேராகப் பாட்டியிடம் மேல்முறையீட்டுக்குப் போய் இடைக்காலத் தடை வாங்கிவந்துவிட்டான். வழக்கு நிலுவையில் இருக்கிறது. அதுவரை துடைப்பது நான்தான்.