சாமியாரு வெறும் சாட்சிதாம்ல!

ஏலே மக்கா, அந்த லேப்டாப்பை மூடிட்டு இப்படி வந்து உக்காரு. ஒன் பேரையும் அந்தப் புள்ள பேரையும் கோவில்ல ஓலை வாசிக்கப் போறாவன்னு உங்கம்மை சொன்னா. மூணு ஓலை. "தடை ஏதும் தெரிஞ்சா வந்து சொல்லுங்க"ன்னு சாமியாரு கேப்பாரு. நம்ம வடக்கன்குளத்துப் பக்கம்னா அந்த நேரத்துல எவனாவது இருமினாலே மாப்பிள வீட்டுக்கு வேர்த்துரும். இந்தப் புனே நிக்டியில ஒன்னைய யாருக்குல தெரியும்? விடியுமுன்ன ஹிஞ்சேவாடிக்கு வேலைக்குப் போறே, பொழுது சாஞ்சு வாறே. எதுத்த பிளாட்டுக்காரனுக்கே ஒன் பேரு தெரியாது. பைக்குல சாப்பாடு கொண்டாந்து குடுக்கானே, அவனுக்குத்தான் தெரியும். தடை சொல்ல அவன் வந்தாத்தான் உண்டு.

கல்யாண ஆயத்த வகுப்புக்கு லீவு கெடைக்கலைன்னு மொனங்குதியாமே. "அதுல என்ன தாத்தா இருக்கு? இதைச் செய்யாத, அதைச் செய்யாத, அவ்வளவுதான"ன்னும் கேட்ட. திருச்சபைன்னா படுக்கையறை வாசல்ல கம்போட நிக்குத வாட்ச்மேன்னு நெனச்சிருக்க. ஒன்மேல மட்டும் குத்தமில்ல. ஆறாங்கட்டளை மோக பாவத்தைக் குரலை ஏத்திச் சொல்லிட்டு, ஏழாங்கட்டளை களவு வந்ததும் தொண்டையைச் செருமிக்கிட்டுப் போற பெரியவங்களைத்தான நீ பாத்து வளந்த. அவங்கள்ல பாதிப் பேரு வரதட்சணை வாங்கினவன். ஏழாவதைச் சத்தமாச் சொன்னா, வாங்கின காரு வாசல்ல நின்னு சிரிச்சிரும்லா.

சரி, ஒரு கேள்வி கேக்கேன். ஒன் கல்யாணத்தை நடத்தி வைக்கது யாரு? சாமியாருன்னு சொல்லுவ. தப்பு. நம்ம லத்தீன் முறையில அந்தத் தேவதிரவிய அனுமானத்தை ஒருத்தருக்கொருத்தர் குடுக்கது மாப்பிளையும் பொண்ணும்தான். சாமியாரு திருச்சபை பேருல ரெண்டு பேரு சம்மதத்தையும் கேட்டு வாங்குத சாட்சி. 1563-ல திரெந்து சங்கம்தான், சாமியாரும் சாட்சிகளும் இல்லாம கட்டுத கல்யாணம் செல்லாதுன்னு சொல்லிச்சு. எதுக்கு? அதுக்கு முந்தி தனியா நின்னு "நீதான் என் பொண்டாட்டி"ன்னு சொல்லிட்டு, வேலை முடிஞ்சதும் "நானா? எப்போ?"ன்னு கைய விரிச்ச மாப்பிளமாரு ஐரோப்பாவுல ஏகப்பட்ட பேரு. ஏமாந்தது பூரா பொம்பளைப் புள்ளைங்க. அந்த விதி வந்தது அவளுகளுக்குக் காவலா.

1983-ல வந்த திருச்சபைச் சட்டத் தொகுப்புல இன்னொண்ணு இருக்கு. மிரட்டியோ கட்டாயப்படுத்தியோ வாங்கின சம்மதம் சம்மதமே இல்ல. அந்தக் கல்யாணம் செல்லாது. அப்பன் கண்ணை உருட்டினான், அண்ணன் நரம்பை அறுத்துக்கிடுவேன்னான், புள்ள தலையை ஆட்டிட்டா. ஆயிரம் பேருக்குப் பிரியாணி போட்டாலும் அது கல்யாணக் கணக்குல சேராது. இப்பச் சொல்லு, அந்தப் புள்ளைகிட்ட நீ ஒருக்காவாவது தனியாக் கேட்டியா, "ஒனக்கு என்னையப் பிடிச்சிருக்கா"ன்னு? கேட்டிருக்க மாட்ட. நம்ம வீட்டுல ஜாதகம் பாக்கக்கூடாதுன்னு ரொம்பக் கண்டிப்பு. அதனால சம்பளச் சீட்டைப் பாத்தாவ.

பவுனு விசயத்துல உங்கப்பன் சொன்னதும் என் காதுல விழுந்துச்சு. "நாங்க வாயத் தொறந்து ஒண்ணும் கேக்கலை. அவிய புள்ளைக்கு அவிய ஆசைப்பட்டதைச் செய்யட்டும்." அடேயப்பா, எவ்வளவு அடக்கம்! வாயத் தொறக்கலை, பையை மட்டும் தொறந்து வச்சிருக்கான். வரதட்சணைத் தடுப்புச் சட்டம் வந்தது 1961-ல. அரசாங்கத்துக்கே தெரிஞ்சுபோன பாவம் நமக்கு இன்னும் சடங்கு. பாப்பரசர் பிரான்சிஸ் ஒப்புதல் குடுத்து 2024 ஏப்ரல்ல வத்திக்கான் ஒரு ஏடு வெளியிட்டுச்சு, 'திக்னித்தாஸ் இன்ஃபினித்தா'ன்னு. சாரம் இதுதான்: ஒவ்வொரு மனுசனுக்கும் மனுசிக்கும் எல்லையில்லாத மாண்பு இருக்கு, அது கடவுள் குடுத்தது, சம்பாதிச்சு வாங்குததும் இல்ல, தொலைச்சுப் போடுததும் இல்ல. முழுசாத் தேடிப் பாத்துட்டேன் மக்கா, வெலப்பட்டியல் எங்கயும் இணைக்கலை.

அடுத்தது சாதி. எந்த ஊரு கோவில்ல உங்க பூட்டன் ஞானஸ்நானம் வாங்கினானோ அந்த வடக்கன்குளத்துல, கோவிலுக்குள்ளயே சாதிக்கொரு பக்கம், நடுவுல சுவர். பீடம் ஒண்ணு, நற்கருணை ஒண்ணு, சனம் மட்டும் ரெண்டு. 1910-ல கௌசானல்ங்கிற சேசு சபைச் சாமியாரு அதை இடிச்சாரு. கோவில்ல இடிச்சாச்சு. ஒனக்குப் பொண்ணு பாத்தாவளே கல்யாண ஆப்புல, அதுல பத்திரமா நிக்கு. 'ஆர்.சி.'ன்னு ஒரு கட்டம், பக்கத்துலயே சாதிக்கு ஒரு கட்டம். உங்கம்மை ரெண்டுலயும் டிக் அடிச்சுட்டுத்தான் செபமாலையைக் கையில எடுத்தா.

அதே வடக்கன்குளத்துலதான் 1745-ல நீலகண்ட பிள்ளை ஞானஸ்நானம் வாங்கி தேவசகாயம் ஆனாரு. சாதி பாக்காம எல்லாரோடயும் பழகினாரு. 1752-ல ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றாடி மலையில சுட்டுக் கொன்னுட்டாவ. 2022 மே 15-ந் தேதி ரோமையில புனிதர் பட்டம் குடுத்தப்ப பேருல 'பிள்ளை'யை எடுத்துட்டுத்தான் குடுத்தாவ. இந்தியாவுல பொதுநிலையினரா இருந்து புனிதரான மொத ஆளு. அதுவும் கல்யாணம் கட்டினவரு. அவரு பொண்டாட்டி பார்கவி அம்மாளும் புருசனோட மறைக்கு வந்து ஞானப்பூ ஆனா. புனிதனாகணும்னா பொண்டாட்டியை விட்டு ஓடணும்னு எவனாவது சொன்னா இந்த ஆளைக் காட்டு.

பிரான்சு நாட்டுல லூயி மார்ட்டின், செலி மார்ட்டின்னு ஒரு புருசன் பொண்டாட்டி. அவரு கடிகாரம் செய்யுதவரு, அந்தம்மா லேஸ் பின்னுதவ. ரெண்டு பேருமே இளவயசுல மடத்துக்குப் போகப் பாத்தவங்க. 1858-ல கல்யாணம் கட்டி, பக்தி முத்திப்போயி பத்து மாசம் அண்ணன் தங்கச்சியாவே இருந்தாவளாம். கடைசியில ஒரு சாமியாரு கூப்புட்டு வச்சுப் புத்தி சொல்ல வேண்டியதாப் போச்சு. சாமியாரு சொல்லித்தான் குடும்பம் நடத்தினாவ, கேட்டியா! அப்புறம் ஒம்பது புள்ளைங்க. கடைசிப் புள்ளதான் குழந்தை தெரசாள். 2015 அக்டோபர் 18-ல புருசன் பொண்டாட்டி ரெண்டு பேருக்கும் சேத்தே புனிதர் பட்டம். ஒடம்புன்னா பாவம்னு நெனக்குத சபையா இருந்தா அந்தச் சாமியாரு என்ன சொல்லியிருப்பாரு? "பேஷ், அப்படியே இருங்க"ன்னுல்லா சொல்லியிருப்பாரு.

கற்புன்னா பொம்பள விசயம்னு நீ நெனச்சிருக்க. ஒன் மூஞ்சியில தெரியுது. மறைக்கல்வி ஏடு அப்படிச் சொல்லலை. கல்யாணம் ஆனவன், ஆகாதவன், தாலி அறுத்தவ, சாமியாரு எல்லாருக்கும் அவங்கவங்க நெலைக்கு ஏத்த கற்பு உண்டு. பாப்பரசர் இரண்டாம் அருள் சின்னப்பர் 1979-ல ஆரம்பிச்சு 1984 வரைக்கும் புதன்கிழமைகள்ல இந்த ஒடம்பு விசயத்தையே பேசினாரு. 1980 அக்டோபர் 8-ந் தேதி ஒரு போடு போட்டாரு பாரு: சொந்தப் பொண்டாட்டியைக் கூட ஒருத்தன் தன் இச்சைக்கான பொருளாப் பாத்தா, அதுவும் இருதயத்துல செய்யுத விபசாரம்தான். பத்திரிகைக்காரன் எல்லாம் கேலி பண்ணினான். "தாலி கட்டினாச்சு, இனி கேக்க நாதியில்ல"ன்னு இருந்த ஆம்பளைங்களுக்கு மட்டும் சிரிப்பு வரலை. அடுத்தவன் பொண்டாட்டியைப் பாக்காம இருக்கதே பெரிய தியாகம்னு நெனச்சவங்கிட்ட, சொந்தப் பொண்டாட்டியை எப்படிப் பாக்கேன்னு கேட்டுட்டாரே!

கல்யாணத்துக்கு முந்தி காத்திருங்கது இதுல இருந்துதான் வருது. அதுல மழுப்பல் கெடையாது. ஒடம்பு ஒடம்புகிட்ட "நான் பூராவும் ஒனக்கு"ன்னு சொல்லுது. வாய் அந்த வாக்கை இன்னும் குடுக்கலைன்னா ஒடம்பு பொய் சொல்லுதுன்னு அர்த்தம். அவ்வளவுதான் கணக்கு. இதைப் புரியவச்சா புள்ளைங்க கேக்கும். ஆனா நம்ம பெருசுங்க செய்யது என்ன? சாயங்காலம் துர்கா டேக்டி குன்றுக்கு நடக்கப் போறாவ; சுகருக்கு. அங்க ஒரு பையனும் புள்ளையும் மரத்தடியில உக்காந்து பேசிக்கிட்டிருந்தா மூணு சுத்து அதிகமா நடக்காவ. அது எதுக்குன்னு எனக்குத் தெரியாது.

இன்னொரு கூத்தும் இருக்கு. ஆம்பளையும் ஆம்பளையும், பொம்பளையும் பொம்பளையும் சேந்தா தண்டனைங்கத 377-ஐ, வயசு வந்தவங்க சம்மதத்தோட இருந்தா செல்லாதுன்னு 2018-ல உச்சநீதிமன்றம் சொல்லிச்சு. திருச்சபை, கல்யாணம்னா ஒரு ஆணும் ஒரு பெண்ணும்தாங்குத பேச்சை மாத்தலை. சேந்து படுக்கதையும் ஒத்துக்கிடலை. ஆனா அதே மறைக்கல்வி ஏடு, அப்படிப்பட்டவங்களை மரியாதையோட, பரிவோட, பக்குவத்தோட ஏத்துக்கிடணும், அநியாயமா ஒதுக்கக்கூடாதுன்னும் சொல்லுது. மொதப் பாதியை மைக் வச்சுப் படிக்குதவனுக்கு ரெண்டாம் பாதி வந்ததும் கரண்டு போயிருது. ஒன் ஆபீசுல அப்படி ஒரு பய இருந்தா, அவனை வச்சு நீங்க அடிக்குத ஜோக்கும் ஆறாங்கட்டளைக் கணக்குல வருமான்னு யோசிச்சுப் பாரு.

புள்ளைங்க எத்தனைங்கது அடுத்த கேள்வி. 1968-ல பாப்பரசர் ஆறாம் சின்னப்பர் 'ஹுமானே வீத்தே'ன்னு ஒரு சுற்றுமடல் எழுதினாரு. அவருக்கு ஆலோசனை சொன்ன குழுவுல பெரும்பாலானவங்க கருத்தடைக்கு வழி விடலாம்னாங்க. அவரு கேக்கலை. புள்ளைங்களை யோசிச்சுப் பெத்துக்க வேண்டாம்னு அவரு சொல்லலை; ஒடம்போட இயற்கைச் சுழற்சியை அறிஞ்சு நடங்கன்னாரு. அதை எத்தனை வீட்டுல கடைப்பிடிக்காவன்னு நான் கேக்கலை. நீயும் வாயத் தொறக்காத. கருத்தடை பழகிட்டா என்ன ஆவும்னு அந்த மடல்ல ரெண்டு எச்சரிக்கை இருந்துச்சு. பொம்பளையை ஆம்பள ஒரு கருவியாப் பாக்க ஆரம்பிச்சிருவான். அரசாங்கம் குடும்பத்துக்குள்ள புகுந்து கட்டாயப்படுத்தும். எட்டே வருசத்துல, நீ வாடகை குடுக்குத இதே மகாராஷ்டிராவுல, மூணு புள்ளை ஆயிட்டா கட்டாயக் கருத்தடைன்னு 1976-ல சட்டசபை மசோதாவே நிறைவேத்திச்சு. நெருக்கடிநிலைக் காலம். ஜனாதிபதி ஒப்புதல் வராததால அது சட்டமாகலை. பாப்பரசரோட நீ ஒத்துப்போ, போகாம இரு. மனுச ஒடம்பு சர்க்காரு சொத்தில்லங்கத அவரு முந்தியே சொல்லிட்டாருல்லா.

நம்ம ஆளுங்க மட்டுந்தான் மாண்பைக் கண்டுபிடிச்சாவன்னு மார் தட்டாத. இந்தப் புனேயிலயே 1863-ல ஜோதிராவ் பூலேயும் சாவித்திரிபாயும் ஒரு வீடு தொறந்தாவ. புருசனை இழந்து, எவனோ ஒருத்தனால கர்ப்பமாயி, ஊரு துரத்தினதுல கெணத்துக்கும் தூக்குக்கும் போக இருந்த புள்ளைங்க அங்க வந்து பத்திரமாப் பெத்துக்கலாம். அப்படிப் பொறந்த ஒரு குழந்தையைத் தங்க சொந்த மகனாவே வளத்தாவ, யஷ்வந்த்னு பேரு வச்சு. அவங்க கத்தோலிக்கரு இல்ல, ஞானஸ்நானமும் வாங்கலை. ஆனா கற்பு கற்புன்னு கூவுத ஊரு கதவைச் சாத்தின எடத்துல கதவைத் தொறந்தவங்க அவங்கதான். கெடுத்தவன் பேரை எந்த ஊரும் ஓலை வாசிக்கலையே!

நம்ம பக்தி சக்தி சவுக்குல சிவாஜி மகாராஜாவும் துக்காராமும் சந்திக்குத சிலை இருக்கு, நீயும் அந்தப் புள்ளையும் அங்க செல்பி எடுத்தியளாம். துக்காராமு ஊரு தேஹு, இந்தா பக்கத்துலதான். அவரு குடும்பஸ்தரு. மலையில உக்காந்து விட்டலனைப் பாடுவாரு. வீட்டுல தானியம் இருக்கா இல்லையான்னு பாக்கது அவரு பொண்டாட்டி அவலி. சோத்தைத் தூக்கிக்கிட்டு மலையேறிப் போயி குடுக்கதும் அவலி. வாய் நிறையத் திட்டிக்கிட்டேதான் ஏறுவாளாம். ஒரு நாளு அவ கால்ல முள்ளு தச்சப்ப விட்டலனே வந்து எடுத்துவிட்டான்னு மராட்டிக்காரன் கதை சொல்லுவான். பாட்டுப் பாடினவரு காலைத் தேடி வந்தாப்ல தெரியலை. சோறு சுமந்தவ காலைத்தான் தேடி வந்தான். நாளைக்கு நீ ஹெட்போனை மாட்டிக்கிட்டு மீட்டிங்குல இருக்கப்ப அந்தப் புள்ள ஆபீசுல இருந்து வந்து அடுப்படியில நிப்பால்லா? கோவில்ல குடுத்த வாக்கு அங்கதான் சோதனைக்கு வரும்.

அதனால வகுப்புக்குப் போ. லீவு தரலைன்னா, மேனேஜர்கிட்ட "புருசனாக டிரெயினிங்"னு சொல்லு; டிரெயினிங்னா தந்துருவான். பவுனு வேண்டாம்னு உங்கப்பங்கிட்ட நீயே சொல்லு. நான் சொன்னா எனக்குச் சோறு நின்னுபோவும். அந்தப் புள்ளைகிட்டப் போயி சம்மதத்தைக் கேளு. அவ யோசிக்க நேரம் கேட்டா குடு.

அப்புறம், அடக்கம் ஒரே நாள்ல வந்துராது, வந்துட்டுன்னும் எவனும் நெனச்சுரக்கூடாது, வாழ்நாள் பூரா பாடுபடணும்னு மறைக்கல்வி ஏடே சொல்லியிருக்கு. எனக்கும் அதுல கொஞ்சம் வேலை பாக்கி. உங்கம்மை பாக்குமுன்ன சவுக்குல போயி ரெண்டு வடாபாவ் வாங்கிட்டு வா. வறுத்த மொளகா கேட்டு வாங்குல.