இதோ, வந்துடறேன்

ஸ்ரீரங்கத்துக்காரர் ஒருவரை சாயங்காலம் போனில் பிடித்து "எங்க இருக்கீங்க?" என்று கேளுங்கள். "சத்திரம் வந்துட்டேன்" என்றால் அவர் கன்டோன்மென்ட்டில் ஆபீஸ் டிராயரைப் பூட்டிக்கொண்டிருக்கிறார். "பாலம் ஏறிட்டேன்" என்றால் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஒன்றாம் நம்பர் பஸ்ஸுக்கு நிற்கிறார். "ராஜகோபுரம் தெரியுது" என்றால்தான் நிஜமாகவே காவிரிப் பாலத்தில் இருக்கிறார். அதைப் பொய் என்றும் சொல்ல முடியாது. 236 அடிக் கோபுரம், எங்கிருந்து பார்த்தாலும் தெரியத்தான் செய்யும்.

இந்தக் கணக்கு இரண்டு தரப்புக்கும் தெரியும். எங்கள் தெருவில் "பாலம் ஏறிட்டேன்" என்று தகவல் வந்த பிறகுதான் அரிசியையே களைவார்கள். ஆள் செருப்பைக் கழற்றும்போது குக்கரில் ஆவி அடங்கியிருக்கும்.

வெளியூரிலிருந்து கல்யாணமாகி வந்த பெண்கள் முதலில் கொஞ்சம் கலங்கிப்போவார்கள். அவர்களுக்கு யாராவது ஸ்தல புராணத்தைச் சொல்லி வைத்தால் நல்லது. இந்த ஊர் உண்டானதே "இதோ, வந்துடறேன்" என்று ஒருவர் சொல்லிவிட்டுப் போனதால்தான். ராமர் கொடுத்த ரங்க விமானத்தோடு இலங்கைக்குக் கிளம்பிய விபீஷணன், காவிரியைப் பார்த்ததும் சந்தியாவந்தனத்தை முடித்துவிடலாம் என்று இறங்கினார். விமானத்தைத் தரையில் வைக்கக் கூடாது. கரையில் ஒரு பையன் நின்றான். "சித்த பிடிச்சுக்கோப்பா, இதோ வந்துடறேன்." அவர் திரும்பி வந்து பார்த்தால் விமானம் தரையில் உட்கார்ந்திருந்தது, பையன் மலையேறிவிட்டான். விபீஷணன் துரத்திக்கொண்டு போய்த் தலையில் ஒரு குட்டு வைத்தார். பையன்தான் உச்சிப் பிள்ளையார். நெற்றியில் அந்தப் பள்ளம் இன்னும் இருக்கிறது என்பார்கள். லேட்டாக வந்தவர் காத்திருந்தவரைக் குட்டுகிற வழக்கம் எங்கள் ஜில்லாவில் அன்றைக்கு ஆரம்பித்தது. பெருமாள் மட்டும் மனசு கேட்காமல், இலங்கையைப் பார்த்தபடி தெற்கு நோக்கிச் சயனித்துக்கொண்டார்.

அலுவலகங்களில் குட்டுவதில்லை, துண்டு போடுகிறார்கள். ஒரு கையெழுத்துக்காக நான் அலைந்த இடத்தில் அதிகாரியின் நாற்காலி முதுகில் ஒரு வெள்ளைத் துண்டு. மேஜையில் மூக்குக்கண்ணாடிக் கூடு, பாதி குடித்த தண்ணீர் பாட்டில்.

"சார் இருக்காரா?"

"இருக்காரே."

"எங்க?"

"டீக்குப் போயிருக்காரு."

துண்டு இருக்கும்வரை சார் டூட்டியில் இருக்கிறார் என்று சட்டம். அந்தத் துண்டுக்கு ஒரு ரப்பர் ஸ்டாம்ப் கொடுத்திருந்தால் என் வேலை அன்றைக்கே முடிந்திருக்கும்.

தாமதத்துக்கு எங்களிடம் 236 அடியில் சாட்சியும் உண்டு. விஜயநகர அரசர் அச்சுத தேவராயர் காலத்தில் ராஜகோபுர வேலை நின்றுபோனது. அதற்கப்புறம் நானூறு வருஷத்துக்கு மேல் அதற்கு மொட்டைக் கோபுரம் என்றே பெயர். அகோபில மடத்தின் 44-வது பட்டம் ஜீயர் தள்ளாத வயதில் முனைந்து நின்று 13 நிலைகளையும் எழுப்ப, 1987 மார்ச் 25-ல் கும்பாபிஷேகம் நடந்தது. ஜீயர் எடுத்துக்கொண்டது எட்டே வருஷம்தான். ஆனால் எங்கள் வீட்டு மாடிப்படிக்குக் கைப்பிடி போட வேண்டிய வெல்டர் அந்த எட்டை விட்டுவிட்டார். "இதுக்கே நானூறு வருஷம் ஆச்சு சார்" என்று கோபுரத்தைக் காட்டிவிட்டு, அட்வான்ஸோடு பைக்கைக் கிளப்பினார். போகும்போது என்ன சொன்னார் என்று நான் எழுத வேண்டியதில்லை.

இத்தனை இருந்தாலும் எங்கள் நித்தியப்படிக்கு உதவுவது காவிரிப் பாலம்தான். 1976-ல் கட்டியது. 2022 செப்டம்பரில் அதைப் பழுது பார்க்க ஆரம்பித்தார்கள். 2023 மார்ச்சில் திரும்பத் திறக்கும்வரை இருந்த அந்த ஆறு மாதம், சாக்குகளுக்கு ஒரு பொற்காலம். பாலம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மேனேஜர் மேற்கொண்டு கேட்க மாட்டார். ஸ்ரீரங்கத்திலேயே வேலை பார்த்துக்கொண்டு, பாலத்தின் நிழலைக்கூட மிதிக்காதவர்கள் எல்லாம் பாலத்தால் லேட்டானார்கள். திறந்த அன்று ஊரே மகிழ்ந்தது என்று பேப்பர்காரர்கள் எழுதியிருக்கலாம். நான் பார்த்த முகங்களில் அப்படி ஒன்றும் தெரியவில்லை.

அப்புறம் வாட்ஸ்அப்பில் லைவ் லொகேஷன் கேட்கிற வழக்கம் வந்து மிச்சத்தையும் கெடுத்தது. தெப்பக்குளம் கடைவீதியில் ரவிக்கைக்கு மேட்சிங் லைனிங் துணி வாங்கி வரச் சொல்லியிருந்தாள் மனைவி. கடைக்காரர் நீலத்தில் நாற்பது பீஸை விரித்துப் போட்டார். மாதிரித் துணியைக் கடைக்கு வெளியே வெயிலில் ஒருமுறை, உள்ளே டியூப்லைட்டில் ஒருமுறை பிடித்துப் பார்த்தேன். கையிலிருந்த துணியே இரண்டு இடத்திலும் இரண்டு நிறம் காட்டியது. ஒருவழியாக வாங்கிக்கொண்டு, மெயின்கார்டு கேட்டில் நெரிபட்டு, பஸ் ஏறிப் பாலத்தில் வந்துகொண்டிருக்கும்போது போன்.

"நடு ஆத்துல நிக்கிறீங்க."

"பாலத்துல இருக்கேன்மா."

"தெரியுது. அரை மணியா அங்கேயே நிக்கிறீங்களே, அதைத்தான் கேட்டேன்."

மேட்டூரில் திறந்த தண்ணீர் வந்திருந்தது. தண்ணீர் பார்க்க ஊரே வண்டியைப் பாலத்தின் ஓரத்தில் நிறுத்திவிட்டுக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்திருந்தது. பிறந்ததிலிருந்து காவிரியைப் பார்க்கிறவர்கள்தான். தண்ணீர் வந்தால் எல்லோரும் புதுசாகப் பார்ப்பார்கள், பின்னால் பஸ் நிற்கும். இந்த முறை நான் சொன்னது முழு உண்மை. அதனாலேயே எடுபடவில்லை.

அப்படிப்பட்ட நாட்களில் எனக்கு ஆறுதல் பங்குனி உத்திரம்தான். ஆதி பிரம்மோத்ஸவத்தில் ஆயில்யத்தன்று உற்சவர் நம்பெருமாள் பல்லக்கில் காவிரியைக் கடந்து உறையூருக்குப் போகிறார். அங்கே சோழன் மகள் கமலவல்லி நாச்சியாரோடு சேர்த்தி. திரும்பி வர வெகு நேரமாகிவிடும். இங்கே ரங்கநாயகித் தாயார் படி தாண்டாப் பத்தினி, சந்நிதியை விட்டு வெளியே வருவதே இல்லை. ஆனால் சேதி வந்துவிட்டது. உத்திரத்தன்று பெருமாள் தாயார் சந்நிதிக்கு வந்தால் முகத்துக்கு நேரே கதவைச் சாத்துகிறார்கள். பல்லக்கு பின்வாங்குகிறது, மறுபடி முன்னேறுகிறது, மறுபடி கதவு. பூவும் பழமும் வெண்ணெயும் பறக்கின்றன, வாழை மட்டையால் அடியும் விழுகிறது. மட்டையடி என்றே உற்சவத்துக்குப் பெயர். "வழியில் கணையாழி தொலைந்துவிட்டது, தேடிக்கொண்டிருந்தேன்" என்கிறது பெருமாள் தரப்பு. அவர் ஆற்றில் இறங்கிப் போகிறவர், பாலத்தின்மேல் பழி போட வழியில்லை.

எனக்கு ஒன்று புரியவே இல்லை. 1323-ல் டில்லிப் படை வந்தபோது இதே நம்பெருமாள் ஊரைவிட்டுப் புறப்பட்டு, ஊர் ஊராகத் தங்கி, 1371-ல்தான் திரும்பினார். 48 வருஷம். வந்தவர் அவர்தானா என்றே ஊருக்குச் சந்தேகம். துணி வெளுக்கும் ஈரங்கொல்லி ஒருவர், கண் தெரியாத முதியவர், திருமஞ்சனமான ஈரவாடையின் தீர்த்தத்தை வாயில் விட்டுப் பார்த்து, "இவரே நம்பெருமாள்" என்று சொன்ன பிறகுதான் நிச்சயமாயிற்று. அந்த 48 வருஷத்துக்கு ஒரு வெண்ணெய் உருண்டைகூட விழவில்லை. ஒரு நாள் உறையூருக்குப் போனதற்கு வருஷா வருஷம் விழுகிறது.

கூட்டத்தில் ஆண்கள் எல்லோரும் பெருமாள் கட்சி, ஆனால் வாயைத் திறப்பதில்லை. பெண்கள் திறக்கிறார்கள். இந்த வருஷம் எனக்குப் பக்கத்தில் நின்ற அடுத்த வீட்டு மாமி, கதவு சாத்தும் ஒவ்வொரு தடவையும் "நன்னா வேணும்" என்றாள். கடைசியில் நம்மாழ்வார் நடுவில் வந்து சமாதானம் செய்ய, தாயார் மனமிறங்க, கதவு திறந்தது.

"பாத்தேளா மாமி, ஒரு மோதிரத்தைச் சொல்லியே தப்பிச்சுட்டார்" என்றேன் மெதுவாக.

மாமி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அவருக்கு நம்மாழ்வார் இருக்கார். உங்களுக்கு யார் இருக்கா?"