தொட்டுப் பாருங்க

புதிதாக 'இயற்கை' வீடு கட்டியவர், நாம் செருப்பைக் கழற்றி முடிப்பதற்குள் நம் கையைப் பிடித்துச் சுவரில் வைத்துவிடுவார். "தொட்டுப் பாருங்க." வந்த காரியத்தைச் சொல்ல வாயைத் திறந்தால் தூண். "தொட்டுப் பாருங்க." தூண் முடிந்தால் ஊஞ்சல் பலகை. எல்லாம் இயற்கை. பெயின்ட் கிடையாது, பிளாஸ்டிக் கிடையாது, காலண்டர் மாட்ட ஓர் ஆணி கிடையாது. வெள்ளைத் துணி போர்த்திய சோபா ஓரமாக உண்டு. அதில் உட்கார்ந்தவரை நான் பார்த்ததில்லை.

போன வைகாசியில் மகளின் கல்யாணப் பத்திரிகையோடு நானும் மனைவியும் இப்படி ஒருவரிடம் மாட்டினோம்.

"தடவிப் பாருங்க ஆன்ட்டி, கண்ணாடி மாதிரி இல்ல? செட்டிநாட்டுப் பூச்சு. சுண்ணாம்பு, கடுக்காய், வெல்லம், முட்டை வெள்ளைக்கரு..." சுத்த சைவமான என் மனைவி கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். பிறகு அந்தக் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றாள்.

அடுத்தது தரை. அதையும் குனிந்து தொட வேண்டும், எனக்கு 61 வயது என்றாலும். காரைக்குடிப் பக்கத்து ஆத்தங்குடிக் கல். கண்ணாடித் தகட்டின் மேல் கையாலேயே சாயக் கலவையை ஊற்றி, மணலும் சிமென்ட்டும் நிரப்பி, தண்ணீரில் ஊறப்போட்டு எடுப்பது. "நடக்க நடக்கத்தான் அங்கிள் மெருகு ஏறும்" என்றார். நடந்தேன். "பார்த்து, பார்த்து!" என்றார்.

எலுமிச்சை ஜூஸ் வந்தது. டம்ளரை மேஜையில் வைக்க விடவில்லை. மார்பிளாம், சாறு ஒரு சொட்டு சிந்தினால் பளபளப்பு போய்விடுமாம். உண்மைதான். நம் வீட்டுக் கடப்பா மேடையில் புளித்தண்ணீர் பட்ட இடமெல்லாம் வெளுத்துக் கிடக்கிறதே, அதே கதை. அது தெரிந்த மனிதர் மோர் கொடுத்திருக்கலாம் என்று நினைத்தேன். மோரும் புளிப்புதான். ஒரு கையில் டம்ளர், மறு கையில் தூண் என்று நின்றேன்.

தூண் பர்மா தேக்கு. யார் வீட்டையோ இடித்தபோது வாங்கியது. "இந்த மாதிரி மரம் இனிமே கிடைக்காது அங்கிள்." கிடைக்காதுதான். அந்த வீடும்தான்.

அவருடைய அப்பாவும் நானும் 22 வருடம் ஒரே ஆபீஸ். மாலை போட்ட படத்தைத் தேடினேன். ஹாலின் அமைதிக்கு ஒத்துவரவில்லை என்று மாடி அறைக்கு அனுப்பிவிட்டாராம். இதை எழுதும்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த மனுஷன் மொசைக் தரையில் பேப்பரை விரித்துப் பலாப்பழம் உரித்து, வருகிற போகிறவர்களுக்கெல்லாம் கொடுத்தவர். எண்ணெய்க் கையைத் துடைத்த கறை பழைய வீட்டுக் கதவில் கடைசிவரை இருந்தது.

தட்டோடு பத்திரிகையை நீட்டினோம். நாலு மூலையிலும் மஞ்சள். "அய்யோ, சுவரில் பட்டுடப் போகுது, செவந்துடும்!" என்று பதறினார். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் ஆரத்தி என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். பத்திரிகையை விரல்நுனியில் வாங்கி, தேதியைப் பார்க்காமல் தாளைத் தடவினார். "ஹேண்ட்மேட் பேப்பர் இல்லையா?"

கல்யாணத்துக்கு வந்தார். மண்டபத் தூணைத் தட்டிப் பார்த்துவிட்டு, "பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்" என்று என் சம்பந்தியிடம் சொல்லியிருக்கிறார். மொய் 201 ரூபாய்.