வேட்டியும் வேட்டும்

எங்கள் விருதுநகரில் வேட்டி கட்டுவோம். சென்னையில் இருக்கும் என் மச்சினன் வேஷ்டி கட்டுவான். தீபாவளிக்கு வந்தவன் ஜவுளிக்கடையில், "நல்ல வேஷ்டியா காட்டுங்க" என்றான். "வேட்டிதான் இருக்கு அண்ணாச்சி, பரவாயில்லையா?" என்றார் கடைக்காரர்.

வடமொழியில் 'வேஷ்ட' என்றால் சுற்றுவது, இடுப்பைச் சுற்றுவதால் வேஷ்டி என்று அங்கேயே பாடம் தொடங்கிவிட்டான். தமிழறிஞர் பாவாணரின் பக்தரான என் பெரியப்பா சும்மா இருப்பாரா? "வெட்டுனது வேட்டி மாப்ளே!" என்றார். தறியில் நீளமாக ஓடுவதை அளந்து வெட்டியெடுப்பதால் வந்த பெயராம். அவர் கையில் சாட்சிகளும் தயார். துணித்தது துணி. துண்டித்தது துண்டு. சங்க காலத்தில் ஆடைக்கு அறுவை என்றே பெயர்; மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் என்று ஒரு புலவரே உண்டு. ஜவுளி விற்றுக்கொண்டே பாட்டும் கட்டிய மனிதர். இன்றைக்கு 'அறுவை' என்று அடைமொழி போட்டுக்கொண்டு கவியரங்கம் ஏறினால் முதல் வரிக்கே கூட்டம் கலைந்துவிடும்.

நான் பெரியப்பா கட்சி. ஆனாலும் சொல் எங்கே பிறந்தால் என்ன, துணி இடுப்பில் நிற்க வேண்டுமே! எங்கள் ஊர்க் காமராசர் 1966-இல் சோவியத் நாட்டுக்கே வேட்டியோடு போய்வந்தார். சென்னையில்தான் 2014-இல் வேட்டி கட்டிய உயர்நீதிமன்ற நீதிபதியை ஒரு கிளப் வாசலில் மறித்தார்கள். அப்புறம் சட்டசபையில் தனிச்சட்டமே போட்டு வேட்டியை உள்ளே அனுப்ப வேண்டியதாயிற்று.

சிவகாசிப் பக்கம் வழக்கே வேறு. வேட்டிக்கும் வேட்டுக்கும் ஓரெழுத்துதான் இடைவெளி என்பதாலோ என்னவோ, பட்டாசு ஆலையில் உடுப்பைப் பார்த்துத்தான் உள்ளே விடுவார்கள். நைலான், பாலியெஸ்டர் ஆகாது. உரசலில் மின்னேற்றம் சேர்ந்து பொறி தட்டினால் மருந்து அறை தாங்காது. பருத்திதான் கட்ட வேண்டும். வடசொல்லா தமிழ்ச்சொல்லா என்று எந்த ஃபோர்மேனும் கேட்டதில்லை.

மச்சினன் கடைசியில் எடுத்தது பாலியெஸ்டர் கலந்த பளபளா வேட்டி. இடுப்பில் ஒட்டிக்கொள்ளும் பட்டை, செல்போனுக்குப் பை எல்லாம் உண்டு. பெரியப்பா பட்டையைப் பிடித்து இழுத்தார். சரவெடி போலச் சர்ரென்றது.

"இதுக்கு என்ன பேரு பெரியப்பா? வெட்டவும் இல்ல, சுத்தவும் இல்ல" என்றான் மச்சினன்.

"ஒட்டின்னு வச்சுக்க மாப்ளே. திரி பத்தவைக்கும்போது மட்டும் அவுத்து வச்சிரு."