ஏறு மாப்ளே கார்ல, காத்து வருது

மாப்ளே, போன்ல நீ சொன்னதக் கேட்டதுலேர்ந்து ஒங்க அத்தைக்குச் சிரிப்பு அடங்கல. "இந்த வருசம் புயல் வந்தா கவலையே இல்ல மாமா, பொண்டாட்டி புள்ளைங்களக் கார்ல ஏத்திக்கிட்டு நேரா ஸ்ரீமுஷ்ணம் வந்துடுவேன்"னியே, அதுக்குத்தான். வா, யாரு வேணாங்கறா. பானையில சோறு இருக்கு, திண்ணையில பாய் கெடக்கு. ஆனா மெட்ராஸ் புயலுக்குப் பயந்து ஒருத்தன் கடலூர் ஜில்லாவுக்கு ஓடியாந்த கதய நான் இதுவரைக்கும் கேட்டதில்ல. புயலு ஒங்க ஊருக்குன்னு டிக்கெட் வாங்கினாலும் பாதி நேரம் எறங்கறது எங்க பக்கந்தானடா! 2011 மார்கழியில தானே புயல் வந்துச்சே, டிசம்பர் 30 காலையில, எங்க எறங்குச்சு? கடலூருக்கும் பாண்டிக்கும் நடுவுல. 2020 நவம்பர்ல நிவர், பாண்டிக்கு அந்தாண்ட. 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல், மறுபடியும் பாண்டிகிட்ட. டிவிக்காரன் "சென்னையை நோக்கி, சென்னையை நோக்கி"ன்னு தொண்ட கட்டக் கத்துறான். நீங்க கடையில இருக்கற ரொட்டியெல்லாம் வாரிக்கிட்டுப் போறீங்க. கூரை என்னவோ எங்க ஊட்டுலதான் பிச்சிக்கிட்டுப் போவுது.

ஒங்க ஆளுங்க புத்திசாலிங்க, நான் இல்லங்கல. 2024 அக்டோபர்ல பெருமழை வருதுன்னு சொன்னதும் வேளச்சேரி மேம்பாலத்து மேல வரிசையா காரக் கொண்டாந்து நிறுத்துனீங்களே, டிவியில பாத்து டீக்கடையே அசந்து போச்சு. காரு மேட்டுல, பொண்டாட்டி புள்ள பள்ளத்துல. அந்தப் புயல் சின்னம் ஒங்களுக்கு வடக்கால ஒதுங்கிப் போயிடுச்சு, பயந்த அளவுக்கு மழையும் இல்ல. அடுத்த மாசமே ஃபெஞ்சலுக்கு மறுபடியும் பாலத்து மேல காரு. கடன் கட்டுறவனுக்குத்தான் அந்த வலி தெரியும், அதனால கேலி பண்ண மாட்டேன். பண்ணுனா கொஞ்சமாத்தான் பண்ணுவேன்.

சரி, ஃபெஞ்சலப்பவே நீ கெளம்பியிருந்தேன்னு வெச்சிக்க. எந்தப் பக்கமா வருவ? செங்கல்பட்டு, திண்டிவனம், விழுப்புரம், உளுந்தூர்பேட்டை, விருத்தாசலம். ரோடு நல்ல ரோடுதான். அதுக்கு அடியில என்னென்ன ஓடுதுன்னு என்னைக்காவது எண்ணிப் பாத்திருக்கியா? பாலாறு, சங்கராபரணி, தென்பெண்ணை, மலட்டாறு, கெடிலம், மணிமுத்தாறு. கடைசியில எங்க வெள்ளாறு, அதத் தாண்டுனாத்தான் ஸ்ரீமுஷ்ணத்துல காலு வெக்க முடியும். ஏழு ஆறு! வெயில் காலத்துல அதுல மணல் லாரிதான் ஓடும், அதனால ஒனக்கு அதெல்லாம் ஆறுன்னே தெரியாது. புயல் கரையேறுன மறுநாளே விழுப்புரம் ஜில்லாவ மழை மூழ்கடிச்சிடுச்சு. டிசம்பர் 2 விடியறதுக்குள்ள சாத்தனூர் அணையிலேர்ந்து 1 லட்சத்து 68 ஆயிரம் கனஅடியத் தென்பெண்ணையில தொறந்து வுட்டாங்க. அரசூர்கிட்ட மலட்டாத்துத் தண்ணி திருச்சி ரோட்டு மேலயே ஏறி ஓடுச்சு. நாலு வழிச் சாலை, சுங்கம் கட்டுன சாலை, பஸ்ஸும் லாரியும் காரும் அப்படியே நின்னுச்சு. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவுல இருக்கற ரயில் பாலத்துலயும் தண்ணி தொட்டு ரயிலையும் நிறுத்திட்டாங்க. புயலு போனதுக்கப்புறம்டா இவ்ளோவும். காத்து அடங்கிடுச்சுன்னு நெனச்சிக் கெளம்புனவன்தான் மாட்டுனான்.

இது நம்ம ஊரு லட்சணம்னு நெனச்சிக்காத. ஆளுக்கொரு காரு வெச்சிருக்கற அமெரிக்காக்காரன் கதையக் கேளு. 2005 செப்டம்பர்ல ரீட்டான்னு ஒரு புயல் ஹூஸ்டன் பக்கம் வருதுன்னாங்க. அதுக்கு மூணு வாரம் முன்னாடிதான் கத்ரீனா நியூ ஆர்லியன்ஸ மூழ்கடிச்சிருக்கு, பயம் போவல. சுமாரா 25 லட்சம் பேரு ஒரே நேரத்துல காரக் கெளப்பிட்டான். ரோட்டுல நூறு மைலுக்குக் காரு நின்னுச்சாம். நம்ம கணக்குல 160 கிலோமீட்டர், இங்கேருந்து திருச்சி தாண்டியும் போவும். வெயில்ல ஏசி போட்டுப் போட்டே பெட்ரோலு தீந்துச்சு. ஏசிய நிறுத்துனவன் வெந்து போனான். முதியோர் இல்லத்துக் கெழவன் கெழவிங்கள ஏத்திக்கிட்டுப் போன பஸ்ஸு டல்லாஸ் பக்கத்துல தீப்பிடிச்சி 23 உசுரு போச்சு. காத்துல செத்தத விட ஓடுற வழியில செத்தது அதிகம், நூறுக்கும் மேல. ரீட்டாவோ ஹூஸ்டன வுட்டுட்டுக் கெழக்கால ஒதுங்கிக் கரையேறிடுச்சு. அதுலேர்ந்துதான் மாப்ளே, எல்லாரும் ஓடக்கூடாது, தண்ணி ஏறுற எடத்துல இருக்கறவன் மொதல்ல ஓடணும், மத்தவன் வழிய அடைக்காம ஊட்டுல குந்தியிருக்கணும்னு அவனுங்களுக்குப் புரிஞ்சிச்சு.

எங்க பக்கம் அது எப்பவோ புரிஞ்ச சங்கதி. தொறமுகத்துல புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏத்துனதும் கடலோரக் குப்பத்துக்கு வி.ஏ.ஓ. வருவாரு, தலையாரி வருவாரு, ஆட்டோவுல மைக்கு கட்டிக்கிட்டுச் சொல்லுவாங்க. அந்தப் பொம்பளைங்க கைப்புள்ளய இடுப்புல வெச்சி, மூட்டைய தலையில வெச்சி, ஆட்ட ஓட்டிக்கிட்டு ஒரு மைல் நடந்து பள்ளிக்கூடத்துக்கோ புயல் பாதுகாப்பு மையத்துக்கோ போய்ச் சேர்ந்துடுவாங்க. பெட்ரோலும் வேணாம், சுங்கச்சாவடியும் வேணாம். இந்தாண்ட வீராணம் ஏரியில தண்ணி 47.5 அடி தொட்டு வெள்ளியங்கால் ஓடையில தண்ணிய தொறந்தா திருநாரையூர், வீரநத்தம், சர்வராஜன்பேட்டை சனங்களுக்கும் இதே பாடுதான். ஒங்க ஊட்டுக் கொழாயில 2004-லேர்ந்து வர்ற வீராணந்தாண்டா அது. நீ வாளியில புடிக்கிறத நாங்க வாசல்ல புடிக்கிறோம். பெருசா ஓடறது ஓட்டமில்ல மாப்ளே, மெத்த ஊடா, மேடா, கிட்டத்துல இருக்கான்னு பாத்து ஓடறதுதான் ஓட்டம். ஒங்க அடுக்குமாடியில மூணாவது மாடியில இருக்கறவன் ஏழு ஆறு தாண்டி வர்றேங்கிறான், தரையில இருக்கற வாச்மேன் எங்க போவான்னு என்னைக்காவது கேட்டிருக்கியா?

தானே புயல் அடிச்ச அன்னிக்குக் காத்துச் சத்தம் எப்படி இருந்துச்சுன்னு கேக்காத, சொல்ல வராது. மணிக்கு 140 கிலோமீட்டர்னு பொறவு பேப்பர்ல போட்டான். விடிஞ்சி பாத்தா ரோட்டுக்குக் குறுக்கால புளிய மரம், அதுக்கு மேல கரண்ட் கம்பம், அதுக்கு மேல எவன் ஊட்டுதோ தகரம். பண்ருட்டி, விருத்தாசலம் பக்கம் முந்திரிக் கொல்லையெல்லாம் வேரோட சாஞ்சி கெடந்துச்சு. எம்பது வருசத்துப் பலா மரத்தக் கட்டிக்கிட்டு அழுத ஆம்பளைங்கள நான் பாத்திருக்கேன். அத வெச்சி நையாண்டி பண்ண எனக்கே வாய் வரல. வழி தொறந்தது யாருன்ற? கோடாலியும் அருவாளும் எடுத்துக்கிட்டு வந்த நாலு பேரு. அன்னிக்கு ஊர்ல இருந்த காருங்க அதது நின்ன எடத்துல மரியாதையா நின்னுச்சு. கரண்ட் வர வாரக்கணக்குல ஆச்சு, ஜெனரேட்டர வாடகைக்கு எடுத்து டேங்குக்குத் தண்ணி ஏத்துனோம். நிவாரணத்துக்கு வந்தவன் ரேஷன் கார்டத்தான் கேட்டான், ஒருத்தனும் ஆர்.சி. புக்கக் கேக்கல.

இன்னொண்ணு கேட்டுக்க. புயலோட கண்ணு தாண்டுற ஊர்ல காத்து திடீர்னு நின்னு போயிடும். வெளிச்சம்கூட வரும். "முடிஞ்சிதுடா"ன்னு ஒன்ன மாதிரி ஆளு சாவியத் தேடுவான். செத்த நேரத்துல எதிர்ப்பக்கத்துலேர்ந்து அடிக்கும் பாரு, மொத அடியில ஆடிப்போயி நிக்கற மரமெல்லாம் இந்த அடியிலதான் சாயும். தண்ணியில காரு நின்னுச்சுன்னா சாவியத் திரும்பத் திருப்பாத. இஞ்சினுக்குள்ள தண்ணி போயிருந்தா அத அமுக்க முடியாம உள்ள இருக்கற ராடு வளைஞ்சிடும். இன்சூரன்ஸ்ல இஞ்சினுக்குன்னு தனியா சேத்திருந்தாத்தான் அந்தக் காசு வரும், போயி அந்தச் சின்ன எழுத்தப் படி. முட்டி ஒசரம் ஓடுற தண்ணியே காரத் தூக்கிடும். போன்ல வழி சொல்ற பொம்பளப் புள்ள "இடது பக்கம் திரும்பவும்"னு தரைப்பாலத்தக் காட்டுவா. அவளுக்கென்ன, அவளுக்கு நனையவா போவுது!

வந்தே தீருவேன்னா கூண்டு நம்பர் ரெண்டு மூணுல இருக்கும்போதே, பகல்ல, டேங்க ரொப்பிக்கிட்டு வந்துடு. எட்டு ஒம்போதுன்னு ஏறிடுச்சுன்னா இருக்கற எடத்துலயே இரு. பதினொண்ணுன்னா எச்சரிக்கை ஆபீசோட தொடர்பே அத்துப் போச்சுன்னு அர்த்தமாம். நீ போன் எடுக்காத அன்னிக்கெல்லாம் ஒங்க அத்தை ஊட்டுல ஏத்துறது அந்தக் கூண்டுதான். நெசமாவே ஆபத்துன்னா 1077-க்குப் போடு, எனக்குப் போடாத. நான் என்ன, மூக்கு மேல பூமியத் தூக்கிக்கிட்டு வந்து நிக்கற எங்க வராகப் பெருமாளா? கடலுக்குள்ளேர்ந்து பூமாதேவியவே மீட்டாந்தவரு அவரு. அவரே மாசி மகத்துக்குக் கிள்ளைக் கடலுக்குத் தீர்த்தவாரி கெளம்புறாரு, அங்க தர்காக்காரங்க மரியாத பண்ணி வரவேக்கறாங்க. ஐப்பசி கார்த்திகையில அவர எந்தக் கடக்கரையிலயாவது பாத்திருக்கியா? கடலு அடங்குனப்புறம் மாசியிலதான் போவாரு.

வரும்போது மெழுகுத்திரி, தீப்பெட்டி, டார்ச்சுக்கு பேட்டரி, ஒங்க அத்தையோட பிரஷர் மாத்திர ஒரு மாசத்துக்கு வாங்கியா. காருக்கு மூவாயிரம் குடுத்துத் தண்ணி புகாத கவர் ஒண்ணு வாங்கியிருக்கேன்னியாமே, அதையும் மறக்காம எடுத்தா. கார வேப்ப மரத்துக்கு அடியில வுடாத, வெட்டவெளியில வுடு. கவர வெறகுக் கட்டுக்குப் போத்திக்கிறேன்.