சந்தனம் முளைத்த கொல்லை

கொல்லையில் நிற்கும் மரத்தில் கத்தி வைக்குமுன் அதன் குலம் கோத்திரம் விசாரித்துவிடுங்கள். முருங்கை என்றால் கவலையில்லை. பெருங்காற்று அடித்தால் தானே விழுந்துவிடும். சந்தனம் என்றால் சங்கதியே வேறு. நீங்கள் நட்டிருக்கவே வேண்டாம். குயில் பழத்தைத் தின்று கொட்டையைப் போட்டுவிட்டுப் போயிருக்கும். அதுவும் பக்கத்துச் செடியின் வேரை உறிஞ்சிக்கொண்டு, யார் அனுமதியும் கேட்காமல் வளர்ந்திருக்கும்.

தமிழ்நாட்டில் முன்பெல்லாம் பட்டா உங்கள் பெயரில், அதில் நிற்கும் சந்தனம் சர்க்கார் பெயரில். 2002-இல் சட்டத்தைத் திருத்தி மரத்தை உங்களுக்கே கொடுத்தார்கள். 2008-இல் விதிகளும் வந்தன. மரம் உங்களுடையதுதான், ஐயமில்லை. தொட மட்டும் வனத்துறைக்கு மனுப் போட வேண்டும்.

மனுப் போடாத ஆசாமி ஒருவர் உண்டு. கைரம்பத்தோடு இரவில் வருவார். அவசரப்பட மாட்டார், அடிமரத்தில் சின்னதாகத் துளை போட்டு, வைரம் பாய்ந்திருக்கிறதா, வாசனை வருகிறதா என்று பார்ப்பார். வெறும் வெள்ளைக்கட்டை என்றால் அப்படியே விட்டுவிட்டுப் போய்விடுவார். வெட்டுமுன் இவ்வளவு பொறுப்பாகச் சரிபார்ப்பவர் ஊரில் வேறு யார்?

விடிந்ததும் அடிக்கட்டையைக் காட்டிப் புகார் சொல்லப் போங்கள். முதல் கேள்வி உங்களுக்குத்தான்: “மரம் இருந்ததை ஏன் முன்னமே சொல்லவில்லை?”