கம்பூட்ஸ் அணிந்து வந்த ஐயா அவர்களுக்கு

பெருமதிப்பிற்குரிய ஐயா,

உறையின் மேல் தங்கள் துறையின் பெயர் இருக்காது. எங்கள் பகுதியில் சாலை ஒருவருக்குச் சொந்தம், ஓரத்து வடிகால் இன்னொருவருக்கு, வடிகால் போய்ச் சேர வேண்டிய ஏரி மூன்றாமவருக்கு. தேங்கி நிற்கும் தண்ணீருக்கு மட்டும் இதுவரை யாரும் உரிமை கோரவில்லை. ஆகவே அடையாளம் சொல்லிவிடுகிறேன். சென்ற வாரம் குடை பிடிக்க ஒருவர், படம் பிடிக்க ஒருவர் சகிதம், முழங்கால் வரை கறுப்புக் கம்பூட்ஸ் அணிந்து, படப்பையில் எங்கள் தெருமுனை வரை எழுந்தருளியவர் தாங்கள். பேன்ட்டைத் தொடை வரை சுருட்டி, சேஃப்டி ஷூவைப் பாலிதீன் பையில் கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க எதிரே வந்தவன் நான்.

"ஏம்ப்பா, படிச்சவனாட்டம் இருக்கே. கால்ல ஒண்ணும் போடாமயா தண்ணியில எறங்குவாங்க?" என்று கேட்டீர்கள். கூட வந்தவர்கள் சிரித்தார்கள். பால் வாங்க நின்றவர்களும் சிரித்தார்கள். அன்று மாலையே என் இரண்டு கால்களும் "பொதுமக்களுக்கு விழிப்புணர்வு" என்ற தலைப்புடன் வாட்ஸ்அப் குழுக்களில் வலம் வரத் தொடங்கின. முகம் விழவில்லை. அந்த மட்டில் கேமராக்காரருக்கு நன்றி.

தங்கள் அறிவுரையைச் சிரமேற்கொண்டு ஆராய்ந்தேன். தண்ணீரில் நடக்கும்போது காலை எப்படிக் காப்பது என்பதைப் பற்றி ஆழ்ந்து சிந்தித்திருப்பவர்கள், தீவுகளுக்கு உல்லாசப் பயணம் போகிறவர்கள்தான். அவர்களுக்கென்று அக்வா ஷூ என ஒன்று விற்கிறது. அடியில் ரப்பர், மேலே வலைத்துணி. உள்ளே வந்த தண்ணீர் தானாக வெளியே போய்விடும். எவ்வளவு புதுமையான யோசனை பாருங்கள்! உள்ளே வந்த தண்ணீர் வெளியே போவது! தெருக்களுக்கும் இது பொருந்துமா என்று தங்கள் பொறியாளர்கள் ஓய்வு நேரத்தில் பரிசீலிக்கலாம்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது, நாங்கள் இருப்பதே ஒரு தீவில் என்று. 2024 ஜனவரியில் பிரதமர் லட்சத்தீவுக் கடலில் மூழ்கிப் பார்த்துவிட்டு வந்தபின், லட்சத்தீவா மாலத்தீவா என்று நாடே பேசிக்கொண்டிருந்ததே, அப்போது வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் மூன்றாவதாக ஒரு தீவு இருப்பதை யாராவது எடுத்துச் சொல்லியிருக்கக் கூடாதா? விமானம் வேண்டாம். தாம்பரத்தில் பஸ் ஏறினால் போதும். ஐப்பசி, கார்த்திகை இரண்டும் சீசன்.

தீவுகளில் காலுக்கு என்னென்ன ஆபத்து உண்டோ அத்தனையும் இங்கே உண்டு. பவளப்பாறை காலைக் கிழிக்கும் என்பார்கள். எங்களுக்கு உடைந்த டைல்ஸும் ஜல்லியும். அங்கே கடல் முள்ளெலி, இங்கே ஏரிக்கரையிலிருந்து அடித்து வரும் சீமைக்கருவேல முள். கல்மீன் என்று ஒன்று கல்லைப் போலவே மணலில் அசையாமல் கிடக்கும், மிதித்தால் விஷம் ஏறும். பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் காலை வைத்தால் அந்த விஷம் வலுவிழக்கும் என்பது மருத்துவம். தண்ணீருக்கடியில் பாதி புதைந்து கிடக்கும் கம்பி குத்தினால் வெந்நீர் உதவாது, டிடி ஊசிதான். திருக்கை மீன் உள்ள கரைகளில் காலைத் தூக்கி வைக்காமல், தரையோடு தேய்த்துத் தேய்த்து நடக்கச் சொல்லிக் கொடுப்பார்களாம். எங்கள் தெருப் பெண்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. மூடி இல்லாத வடிகால் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க அவர்களாகவே அந்த நடையை நடக்கிறார்கள், கையில் ஒரு குச்சி, இடுப்பில் பிள்ளை.

கம்பூட்ஸ் வாங்கலாம்தான். ஆனால் அது முழங்காலோடு முடிந்துவிடுகிறது, எங்கள் தண்ணீர் முடிவதில்லை. உள்ளே ஒருமுறை தண்ணீர் இறங்கிவிட்டால் காலைச் சேற்றிலிருந்து பிடுங்க ஆள் வேண்டும். தெருமுனையில் நிற்பவர்களுக்கு அது உகந்தது. ரப்பர் செருப்பு போட்டால் சேறு ஒன்றை வாங்கிக்கொண்டு ஒன்றைத் திருப்பித் தரும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் பக்கம் பாசி எடுக்கப் போகும் பெண்கள் விரலில் துணியைச் சுற்றி, காலில் ரப்பர் செருப்போடுதான் பாறைமேல் இறங்குகிறார்கள். ஆனால் அது கடல், காலுக்குக் கீழே என்ன இருக்கிறதென்று கண்ணுக்குத் தெரியும். எங்கள் தண்ணீரின் நிறத்தை நான் விவரிக்க வேண்டியதில்லை. தாங்கள் கைக்குட்டையால் மூக்கைப் பொத்தியிருந்தீர்கள்.

மிச்சம் இருப்பது கழுத்தில் தொங்கிய சேஃப்டி ஷூ. அதைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஒரகடம் பக்கம் எந்தக் கம்பெனியிலும் அது இல்லாமல் கேட்டைத் தாண்ட முடியாது. விரல் பக்கம் உள்ளே இரும்புக் கவசம். ஒரு மீட்டர் உயரத்திலிருந்து 20 கிலோ எடை விழுந்தாலும் விரல் நசுங்கக் கூடாது, 200 ஜூல் தாங்க வேண்டும் என்று தரம் வைத்திருக்கிறார்கள். அதற்குத் தணிக்கை உண்டு, விபத்து நடந்தால் விசாரணை உண்டு. அந்த ஷூவைப் போட்டுக்கொண்டு தண்ணீரில் இறங்கினால் நனைந்து ஊறி, மறுநாள் ஷிப்டுக்கும் காயாது. ஈர ஷூவுக்குள் எட்டு மணி நேரம் நின்றால் விரலிடுக்கு வெந்துபோகும். நாற்று நட்டவர்களுக்கு வந்த சேற்றுப்புண் இன்று கார் பாகம் செய்பவனுக்கு வருகிறது. அம்மா மருதாணி அரைத்து வைக்கிறாள். ஆக, ஒரே கால்தான் ஐயா. கேட்டுக்கு உள்ளே போனதும் அதற்கு 200 ஜூல் மரியாதை. கேட்டுக்கு வெளியே, தங்கள் ஆளுகைக்குட்பட்ட தீவில், அது வெறுங்கால்.

தீவு என்றதும் அந்தமான் நினைவுக்கு வருகிறது. 1980களின் கடைசியில் அங்கே மழை முடிந்ததும் ஒரு காய்ச்சல் வரும், நுரையீரலில் ரத்தம் கசிந்து ஆட்கள் சாவார்கள். என்னவென்று தெரியாமல் அந்தமான் ரத்தக்கசிவுக் காய்ச்சல் என்றே பெயர் வைத்திருந்தார்கள். எலிக்காய்ச்சல்தான் என்று பிற்பாடு கண்டுபிடித்தார்கள். எலியின் சிறுநீர் தண்ணீரில் கலந்து, காலில் இருக்கும் சின்னக் கீறல் வழியாக உள்ளே போகிற கிருமி. தாங்கள் அன்று "நோய் வரும்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனதை நான் பெயரோடு சொல்கிறேன், அவ்வளவுதான்.

எங்கள் தெருவில் ஒரு பெரியவர், சர்க்கரைக்காரர். காலில் கண்ணாடி ஏறியது அவருக்குத் தெரியவில்லை. உணர்ச்சி இல்லாத கால். தெரிந்தபோது விரலை எடுத்துவிட்டார்கள். 2025 ஆகஸ்டில் கண்ணகி நகரில் விடியற்காலையில் வேலைக்குக் கிளம்பிய தூய்மைப் பணியாளர், ஒரு பெண், தேங்கி நின்ற மழைத்தண்ணீரில் காலை வைத்தார். தண்ணீருக்குள் மின்சாரம் இருந்தது. செத்துப்போனார். அவரிடமும் போய்க் கேட்பீர்களா, கால்ல என்னம்மா போட்டிருந்தே என்று? தண்ணீரை நிற்க விட்டவனை விட்டுவிட்டு அதில் நடந்தவன் காலைக் குனிந்து பார்க்கிற புத்தி எங்கேயிருந்து வருகிறது?

கோபித்துக்கொள்ளாதீர்கள் ஐயா. தீவின் காற்று அப்படி. எங்கள் பாக்கியத்தையே திரும்ப எண்ணிப் பார்க்கிறேன்.

இந்த மண் தண்ணீருக்குப் புதியதல்ல. படப்பை, மணிமங்கலம், ஆதனூர், சோமங்கலம் என்று எங்கு திரும்பினாலும் ஏரி. ஓர் ஏரி நிறைந்தால் கலங்கல் வழியாக அடுத்ததற்கு, கடைசியில் அடையாற்றுக்கு. கால்வாய் ஓடிய இடத்தில் மனைப்பிரிவு வந்தது, அதற்கு அங்கீகாரமும் வந்தது. 2015 டிசம்பரில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் கொட்டியது, முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. 2023 மிக்ஜாம் புயலிலும் அதே ஊர்கள். அது வானத்தின் கணக்கு, விட்டுவிடுகிறேன். ஒரு மணி நேரத் தூறலுக்கே எங்கள் தெரு தீவாவதற்குத் தங்கள் உழைப்புதான் காரணம், அதை வானத்தின் கணக்கில் எழுத மாட்டேன். பழைய சாலையைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிய சாலை போட வேண்டும் என்று 2021இல் தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு உத்தரவிட்டார். எங்கள் பக்கம் அந்தக் காகிதம் வரும் வழியில் நனைந்துவிட்டது போலும். நாலு படி ஏறிப் போன வீட்டுக்குள் இப்போது இரண்டு படி இறங்கிப் போகிறோம். கட்டிய வடிகாலின் வாய் தெருவைவிட உயரத்தில் இருக்கிறது. தண்ணீர் அதில் ஏறிக்கொள்ள வேண்டுமாம்.

அடுத்த மழைக்கும் ஆய்வுக்கு வருவீர்கள். இம்முறை தெருமுனையோடு நில்லாமல் உள்ளே வர வேண்டுகிறேன். பால் பூத்தைத் தாண்டியதும் இடப்பக்க ஓரம் வேண்டாம். அங்கே வடிகாலுக்கு மூடி கிடையாது, ஆழம் மார்பளவு. ஒரு கழியை நட்டுச் சிவப்புத் துணி கட்டியிருக்கிறோம். தண்ணீர் ஏறினால் துணி தெரியாது, அதனால் நடுவிலேயே வாருங்கள். வழி பார்க்கக் கேமராக்காரரை முன்னால் அனுப்பிவிடாதீர்கள். அவர் ஒப்பந்தத்தில் இருக்கிறாராம், இன்ஷூரன்ஸ்கூட இல்லை என்று என்னிடம் சொன்னார்.

இப்படிக்கு,
வீட்டு வரி கட்டிய ரசீதைப் பரண்மேல் வைத்திருக்கும்
தங்கள் பணிவுள்ள படப்பைத் தீவுவாசி